ஈறு நோய்ச் சிகிச்சையில் எம்.டி.எஸ். படிக்க நினைப்பவர்களுக்கு

பல் மருத்துவ முதுநிலைப் படிப்பான எம்.டி.எஸ்.ஸுக்குரிய நீட் நுழைவுத் தேர்வு முடிவுகள் வந்து கலந்தாய்வு நெருங்கும் நாட்களில், பயிற்சி மருத்துவர்களாக இருக்கும் இளையவர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மேடம், பெரியோ எடுக்கலாமா?" பெரியோ என்று சுருக்கமாகச் சொல்வது ஈறு நோய்ப் பிரிவை. தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. தரவரிசையில் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் பற்சீரமைப்பு, வேர் சிகிச்சை, முகத்தாடை அறுவை சிகிச்சை ஆகிய பிரிவுகளை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள்; ஈறு நோய்ப் பிரிவின் இடங்கள் அவற்றுக்குப் பிறகே நிரம்புகின்றன. அதனால் இப்படிப்புக்கு வருகிறவர்களில் பலர் தாம் தேர்ந்தெடுத்ததைப் படிக்கிறோம் என்ற எண்ணத்தோடு வருவதில்லை, கிடைத்ததைப் படிக்கிறோம் என்ற எண்ணத்தோடுதான் முதல் நாள் துறைக்குள் நுழைகிறார்கள். இந்தப் பிரிவில் படித்து, சிகிச்சை அளித்து, இப்போது மாணவர்களுக்குக் கற்பித்தும் வருகிறவள் என்ற முறையில், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வருவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

படிப்பின் சட்டகம் எளிதானது. ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஐந்து ஆண்டு இளநிலைப் படிப்பான பி.டி.எஸ். முடித்தவர்கள், நாடு முழுமைக்குமான நுழைவுத் தேர்வை எழுதி, பல் மருத்துவத்தின் ஒன்பது மேற்படிப்புப் பிரிவுகளுள் ஒன்றில் சேர்கிறார்கள். மூன்று ஆண்டுகள் முழுநேரப் படிப்பு. முதல் ஆண்டின் முடிவில் உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல், புள்ளியியல் எல்லாம் அடங்கிய அடிப்படை அறிவியல் தேர்வு. மூன்றாம் ஆண்டின் முடிவில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும். இவற்றுக்கு நடுவே நூலகத்தில் அமர்ந்து எழுத வேண்டிய ஓர் ஆய்வேடும், நோயாளிகளைக் கொண்டு செய்ய வேண்டிய தீசிஸும் உண்டு. செமினார், ஜர்னல் கிளப், நோயாளி குறித்த விவாதம், இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பு என்று வாரம் நிரம்பிவிடும். இவை எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவானவை என்பதால் இதற்கு மேல் விரிக்கவில்லை.

இந்தப் பிரிவுக்கே உரியது கையின் கல்வி. வேர் சிகிச்சை செய்பவருக்கு எக்ஸ்ரே படமும் நுண்ணோக்கியும் துணை நிற்கின்றன. பற்சீரமைப்பு செய்பவருக்குத் தன் வேலை முழுவதும் கண்ணெதிரே இருக்கிறது. ஈறு மருத்துவரோ, ஈற்றுக்கும் வேருக்கும் இடையில் உருவாகிவிட்ட, நாங்கள் பாக்கெட் என்று சொல்லும் பள்ளத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கருவியின் நுனி வழியாக விரலுக்கு வந்து சேரும் அதிர்வை மட்டும் நம்பி வேலை செய்கிறார். வேரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறதா, அதில் காரை, அதாவது இறுகிப்போன கடினப் படிவு, ஒட்டியிருக்கிறதா, வேர்கள் பிரியும் கவட்டைக்குள் கருவி நுழைகிறதா என்பதையெல்லாம் விரல்தான் சொல்ல வேண்டும். இந்த உணர்வு புத்தகத்தால் வருவதில்லை. திறமைசாலியான மாணவருக்கும் சில வாரங்களில் வந்துவிடுவதில்லை.

அதன் தொடக்கம் புரோப். மில்லிமீட்டர் கோடுகள் இட்ட அந்த மெல்லிய கருவியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் இறக்கி ஆழத்தைக் குறிக்க வேண்டும். முப்பத்திரண்டு பற்களும் உள்ள ஒருவருக்கு 192 அளவீடுகள். அத்துடன் ஈறு எவ்வளவு கீழிறங்கியிருக்கிறது, எந்த இடத்தில் இரத்தம் கசிகிறது, எந்தப் பல் எவ்வளவு ஆடுகிறது என்ற குறிப்புகளும் சேரும். அழுத்தம் ஏறத்தாழ 20 முதல் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பள்ளத்தின் அடியைத் தொடாமலே திரும்பிவிடும்; கூடினால் வீங்கித் தளர்ந்த திசுவைக் குத்திக்கொண்டு உள்ளே போய், இல்லாத ஆழத்தைக் காட்டும். அதனால் புதிதாகச் சேர்ந்தவர்களைச் சிறிய எடைமானி ஒன்றின் மேல் புரோப்பை அழுத்திப் பார்க்கச் சொல்வதும், ஒரே நோயாளியை இருவர் தனித்தனியாக அளந்து எண்களை ஒப்பிடச் சொல்வதும் நல்ல துறைகளில் வழக்கம். முதல் மாதங்களில் அந்த எண்கள் ஒத்துப்போவதே இல்லை. சலிப்பூட்டும் இந்த வேலையை முதுநிலை மாணவர் பொறுமையாகச் செய்கிறாரா, அல்லது பயிற்சி மருத்துவரிடம் தள்ளிவிடுகிறாரா என்பதைப் பார்த்தாலே அவர் பின்னாளில் எத்தகைய மருத்துவராக இருப்பார் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது, வேரில் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுக்கும் க்யூரெட். கிரேசி க்யூரெட் என்னும் கருவி வரிசையில் ஒவ்வோர் எண்ணுக்கும் வாயில் ஓர் இடம் உண்டு: முன்பற்களுக்கு ஒன்று, கடைவாய்ப் பற்களின் முன்புறத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு வேறொன்று. அதன் அலகில் ஒரு பக்கம் மட்டுமே வெட்டும் விளிம்பு. அதைப் பள்ளத்துக்குள் படுக்கைவாட்டில் நுழைத்து, அடியைத் தொட்டதும் சரியான கோணத்துக்குத் திருப்பி, விரலை அருகிலுள்ள பல்லின் மேல் ஊன்றிக்கொண்டு மேல்நோக்கி இழுக்க வேண்டும். மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து அசைய வேண்டும். விரல்கள் மட்டும் அசைந்தால் அரை மணி நேரத்தில் கை சோர்ந்துவிடும், சில ஆண்டுகளில் நிரந்தர வலியாகவும் மாறும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் விளிம்பு மழுங்கியிருந்தால் பயனில்லை. மழுங்கிய க்யூரெட் காரையைப் பெயர்க்காமல், அதன் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, விரலையே ஏமாற்றிவிடும். அதனால் சாணைக்கல்லில் தீட்டக் கற்பதும் படிப்பின் ஒரு பகுதி. அதிர்வால் காரையைப் பெயர்க்கும் அல்ட்ராசோனிக் ஸ்கேலர் வந்த பிறகு இவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஈற்றுக்கு மேலே உள்ள காரையையும் ஆழம் குறைந்த இடங்களையும் அது வேகமாகச் சுத்தம் செய்யும் என்பது உண்மை. ஆனால் எடுத்தபின் வேரில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சொல்ல, பயின்ற கையைத் தவிர வேறு வழி இன்னும் இல்லை.

பள்ளம் 5 மி.மீ.க்கு மேல் ஆழமாகிவிட்டால், எவ்வளவு தேர்ந்த கையானாலும் கண்ணால் பார்க்காமல் முழுக் காரையையும் எடுத்துவிடுவது அரிது. அங்கேதான் ஃபிளாப் அறுவை சிகிச்சை வருகிறது: ஈற்றை எலும்பிலிருந்து விலக்கித் திறந்து, வேரை நேரடியாகப் பார்த்துச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் எலும்புக் குழியில் எலும்புத் துகளை நிரப்பி, மீண்டும் தைத்து மூடுவது. மாணவர்கள் முதலில் ஆட்டுத் தாடையை வாங்கிவந்து அதில் கீறவும் விலக்கவும் தைக்கவும் பழகுகிறார்கள். மெல்லிய ஈற்றைக் கிழியாமல் தூக்குவதையும், பற்களுக்கு இடையிலுள்ள முக்கோணச் சதையைச் சிதைக்காமல் காப்பாற்றுவதையும் அதில்தான் கை முதலில் உணர்கிறது. பிறகு மூத்தவருக்கு உதவியாக நிற்பது, பிறகு அவர் பார்க்கத் தானே செய்வது, அதன்பின் அண்ணத்திலிருந்து திசு எடுத்து வேர் தெரியும் இடங்களை மூடுவது, இழந்த பல்லின் வேருக்குப் பதிலாக எலும்பில் இம்ப்ளான்ட் பொருத்துவது என்று படிகள் ஏறும்.

இந்தப் படிகளின் மீதுதான் மாணவர்களின் கண் முழுவதும் இருக்கிறது. வருத்தம் என்னவென்றால், கற்பிக்கும் நம்மில் பலரின் கண்ணும் அங்கேயே இருக்கிறது. நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இதைப் பற்றியதே. ஈறு நோய் என்பது ஆண்டுக்கணக்கில் நடக்கும் நோய். அதன் சிகிச்சையின் பலனும் ஆண்டுக்கணக்கில்தான் தெரியும். ஆகவே, இப்படிப்புக்கு மூன்று ஆண்டுகள் கொடுக்கப்பட்டிருப்பதன் பெரும் பயன், பல நோயாளிகளுக்குப் பல அறுவை சிகிச்சைகள் செய்ய முடிகிறது என்பதைவிட, சில நோயாளிகளையாவது தொடக்கம் முதல் இறுதி வரை பிடிவாதமாகத் தொடர்ந்து பார்க்க முடிகிறது என்பதில்தான் இருக்கிறது.

இத்துறையின் அடிப்படை ஆய்வுகளே இதற்குச் சான்று. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், ஆரோக்கியமான ஈறு கொண்ட பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. பல்லின் மேல் படியும், பிளேக் என்னும் நுண்ணுயிர்ப் படலமே ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பது அதன் மூலம் உறுதியானது. ஆனால் வீக்கத்தோடு நிற்காமல் எலும்பு கரைந்து பல் விழும் அளவுக்கு நோய் எல்லோருக்கும் முற்றுகிறதா என்ற கேள்விக்கு மூன்று வாரங்களில் பதில் சொல்ல முடியாது.

அந்தப் பதில் வந்த இடம் நமக்கு அந்நியமானதன்று. அதே லோ 1970இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை அவர்களுள் தொடர்பில் இருந்தவர்களை மீண்டும் மீண்டும் பரிசோதித்தார். அனைவரும் ஆண்கள், தொடங்கியபோது பதின்வயதினரும் இருபதுகளில் இருந்தவர்களும். பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ அவர்களை எட்டியிருக்கவில்லை. எல்லோர் வாயிலும் பிளேக்கும் காரையும் நிறைந்திருந்தன, எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆயினும் அவர்களுள் 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாகப் பெருகியது; 81 விழுக்காட்டினருக்கு மிதமாக; 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி முன்னேறவே இல்லை. ஒரே அளவு அழுக்கு ஒரே அளவு நோயைத் தருவதில்லை, நோயாளியின் உடல் அதற்கு எப்படி எதிர்வினை செய்கிறது என்பதும் சேர்ந்தே பல்லின் விதியை நிர்ணயிக்கிறது என்ற இன்றைய புரிதலுக்கு இந்த எண்கள் பெரும் அடித்தளம். உலகெங்கும் ஈறு மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த எண்களை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த மனிதர்கள் மலையகத் தமிழர்கள் என்பதையும், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஓஸ்லோ நகரத்து மாணவர்களுக்கும் கல்வியாளர்களுக்கும் சிறு வயது முதலே கிடைத்த பல் மருத்துவம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதால்தான் அந்த ஆய்வே சாத்தியமாயிற்று என்பதையும் என் மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்கிறேன். சிகிச்சையின்றிக் கழிந்த அந்த ஆண்டுகளுக்கு நம் துறை கடன்பட்டிருக்கிறது.

காலம் என்ற அளவுகோல் இப்போது நோயறிதலுக்குள்ளேயே வந்துவிட்டது. 2017இல் சிகாகோவில் கூடிய உலகக் கருத்தரங்கின் முடிவாக 2018இல் வெளியான வகைப்பாடு, நோயை நான்கு நிலைகளாகவும் மூன்று தரங்களாகவும் பிரிக்கிறது. நிலை என்பது இதுவரை எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. தரம் என்பது எவ்வளவு வேகமாக அழிகிறது என்பதைச் சொல்கிறது: ஐந்து ஆண்டுகளில் எலும்பு இழப்பே இல்லையென்றால் ஏ, 2 மி.மீ.க்குக் குறைவென்றால் பி, 2 மி.மீ. அல்லது அதற்கு மேலென்றால் சி. நாளொன்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சிகரெட் புகைப்பதும், சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்த அளவு) 7 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பதும் தரத்தை 'சி' ஆக்கிவிடும். ஐந்தாண்டுப் பழைய எக்ஸ்ரேயை எந்த நோயாளி கொண்டுவருகிறார் என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. வயதுக்கும் எலும்பு இழப்புக்கும் உள்ள விகிதத்தை வைத்து மதிப்பிடவும் அந்த வகைப்பாடு வழி சொல்கிறது. ஆனால் பழைய பதிவு இல்லாத குறையை அடுத்த தலைமுறைக்கும் விட்டுவைக்காமல், இன்று வரும் நோயாளியின் பதிவை ஒழுங்காக வைக்கும் பொறுப்பு இந்த மாணவர்களுடையதுதான்.

அறுவை சிகிச்சை குறித்தும் ஒரு பழைய பாடம் உண்டு. ஸ்வீடனில் 1976இலும் 1977இலும் ஒரே ஆய்வுக் குழுவினரிடமிருந்து இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டிலும் ஐந்து வகை அறுவை முறைகள் ஒப்பிடப்பட்டன. முதல் ஆய்வில், அறுவைக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோயாளிகளை அழைத்துப் பற்களைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் எந்த முறையில் அறுத்திருந்தாலும் ஈறு நன்றாக ஆறியிருந்தது. இரண்டாவதில் அப்படிப்பட்ட கவனிப்பு இல்லை. எந்த முறையில் அறுத்திருந்தாலும் பள்ளம் திரும்ப வந்ததோடு, பல்லை ஈற்றோடும் எலும்போடும் பிணைக்கும் பற்று முன்னிருந்ததைவிடவும் குறைந்துபோயிற்று. எந்தக் கத்தியை எப்படிப் பிடித்தோம் என்பதைவிட அதன்பின் என்ன செய்தோம் என்பதே முடிவைத் தீர்மானித்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்த பிறகும், நம் முதுநிலை மாணவர் தான் செய்த சிகிச்சைகளைப் பதிந்துவைக்கும் லாக் புத்தகம் எத்தனை ஃபிளாப், எத்தனை ஒட்டுத் திசு, எத்தனை இம்ப்ளான்ட் என்றுதான் எண்ணுகிறது. ஓராண்டுக்குப் பிறகு அந்த நோயாளியின் ஈறு எப்படி இருந்தது என்ற கேள்விக்கும் அதே முதன்மையோடு ஒரு பத்தி இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

நோயாளிகள் திரும்பி வருவதில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் பதில். அதில் உண்மை இருக்கிறது. ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் ஆடத் தொடங்கிய பிறகே மக்கள் வருகிறார்கள். வந்ததும், "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, ஆடுற ரெண்டு பல்லையும் எடுத்து விட்டுடுங்க, வயசானா ஆடத்தானே செய்யும்" என்கிறார்கள். கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்ற அச்சமும் ஊரெங்கும் இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் இல்லாமல் இல்லை: கரைந்துபோன எலும்பின் இடத்தையும் பற்களின் இடைவெளியையும் காரை அடைத்துக்கொண்டிருக்கும், வீங்கிய ஈறு அதை மூடியிருக்கும். காரையை எடுத்து வீக்கம் வடிந்ததும் ஏற்கெனவே இருந்த இழப்பு முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. இதை முன்கூட்டியே, அவர் வாயையே கண்ணாடியில் காட்டி, "ஐயா, சுத்தம் பண்ணினதும் இந்த இடம் காலியாத் தெரியும், கொஞ்ச நாள் கூசும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டால் அவர் அடுத்த முறையும் வருவார். சொல்லாமல் விட்டால் அவர் மட்டுமல்ல, அவருடைய தெருவில் இருந்தும் யாரும் வரமாட்டார்கள். இந்தப் பேச்சைக் கற்பிக்கத் தனி வகுப்பு கிடையாது. வாய்க்கும்போதெல்லாம் ஆசிரியர் மாணவரை அருகில் நிறுத்தி, தான் பேசுவதைக் கேட்கவைக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளைப் பொறுத்தவரை இந்தத் தொடர்ச்சி இன்னும் முக்கியம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. கட்டுப்பாடற்ற சர்க்கரை ஈறு நோயைப் பெருக்குகிறது. ஈற்றின் நாட்பட்ட அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈற்றுக்கு முறையாகச் சிகிச்சை அளித்தால் அடுத்த மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி அளவில் குறைகிறது என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. சிறிய எண்ணாகத் தோன்றும் இது, கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதன் பலனுக்கு அருகில் வருவது. ஆகவே மாணவர் பொது மருத்துவத் துறையோடு பேசப் பழக வேண்டும். நோயாளியின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். "எங்க டாக்டர் பல்லைப் பத்தி ஒண்ணும் கேட்கலையே" என்று சொல்பவருக்கு நிதானமாக விளக்க வேண்டும்.

தீசிஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் தலைப்பு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், நோயாளிகள், புள்ளிவிவரம், எழுத்து எல்லாம் முடிய வேண்டும் என்பதால், பெரும்பாலான ஆய்வுகள் ஆறு அல்லது ஒன்பது மாதப் பின்தொடர்தலோடு நின்றுவிடுகின்றன. நோயாளியின் சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பி.ஆர்.எஃப். என்னும், திசு ஆற உதவும் ஃபைப்ரின் படலம் இத்தனை தீசிஸ்களில் இடம்பெறுவதற்கு, 2001இல் பிரான்சில் ஷுக்ரூன் அறிமுகப்படுத்திய அம்முறை உண்மையாகவே பயனுள்ளது என்பது ஒரு காரணம். சோதனைக் குழாய்களும் ஒரு சென்ட்ரிஃபியூஜும் இருந்தால் போதும், செலவு குறைவு என்பது மற்றொரு காரணம். மாணவரின் கையிருப்பை நினைத்தால் அதைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் ஒரு துறையில் அடுத்தடுத்த ஆண்டுகளில் சேரும் மாணவர்கள் ஒரே நோயாளிக் குழுவைக் கைமாற்றிக்கொண்டு, முதலாமவர் தொடங்கியதை மூன்றாமவர் முடிப்பதாகத் திட்டமிட்டால், பல ஆண்டுப் பின்தொடர்தல் நம் கல்லூரிகளிலேயே சாத்தியமாகும். அதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. பதிவேடும் ஒரு துறைத் தலைவரின் மன உறுதியும் போதும்.

படித்து முடித்தபின் என்ன என்பதைக் கேட்காதவர்கள் இல்லை. கல்லூரியில் ஆசிரியராவது ஒரு வழி. சொந்தமாக கிளினிக் வைப்பது மற்றொன்று. பல கிளினிக்குகளுக்குக் கருவிப் பையோடு போய்வரும் வருகை மருத்துவராக இருப்பது மூன்றாவது. தமிழ்நாட்டு நகரங்களில் இளைய ஈறு மருத்துவர்கள் பலரின் முதல் வருமானம் இதுதான். அவர்களைப் பெரும்பாலும் ஃபிளாப்புக்கும் இம்ப்ளான்டுக்கும் மட்டுமே அழைக்கிறார்கள். தையல் பிரித்த பிறகு அந்த நோயாளியை அவர்கள் பார்ப்பதே இல்லை. இம்ப்ளான்ட் வைப்பதில் வருமானம் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வயதானவரின் பற்களைச் சுத்தம் செய்வதில் இல்லை என்று அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஈறு நோயால் பல்லை இழந்த அதே வாயில் வைக்கப்படும் இம்ப்ளான்டைச் சுற்றியும் அழற்சி வந்து எலும்பு கரையும் என்பதையும், பராமரிப்புக்கு வராத நோயாளிகளிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன். அழைக்கும் கிளினிக்கோடு தொடக்கத்திலேயே பேசி, தான் அறுவை செய்தவர்களை மாதத்தில் ஒரு நாள் தானே வந்து பார்க்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்ட இளையவர்களை அறிவேன்; அவர்களைத் தேடி வருபவர்களின் எண்ணிக்கை மெதுவாகவேனும் கூடிக்கொண்டிருக்கிறது.

எனவே, பெரியோ எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம், எடுக்கலாம், ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை அந்தத் துறைக்கு நேரில் போய்வாருங்கள் என்று சொல்கிறேன். இருக்கைகள் எத்தனை, லேசர் இருக்கிறதா என்று எல்லோரும் விசாரிப்பார்கள். நீங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் வேறு சிலவற்றைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு முழு கிரேசி வரிசை இருக்கிறதா, தீட்டும் கல் எங்கே இருக்கிறது, ஓ.பி.யில் வரும் நோயாளி ஒரே மாணவரிடம் தொடர்ந்து வருகிறாரா அல்லது அன்றன்றைக்கு யார் கிடைக்கிறார்களோ அவரிடம் அனுப்பப்படுகிறாரா, வராமல் போனவரைத் தொலைபேசியில் அழைப்பது யார் பொறுப்பு, மறுவருகைப் பதிவேட்டைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். முதல் ஆண்டில் தொடங்கிய நோயாளிகளுள் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்ற கேள்விக்கு அவர் பெயர் சொல்லிப் பதிலளித்தால், அந்தத் துறையில் சேருங்கள்.